திரையை அணைத்த பிறகும் ஓடும் மனம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு மிக எளிமையானது போலத் தோன்றும். நாள் முழுவதும் கணினியில் நிரல் எழுதுபவரும், நாள் முழுவதும் படிக்கும் மாணவரும் வேலை முடிந்த பிறகு எப்படி ஓய்வெடுப்பது? "ஓய்வெடுக்கக்கூட ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? காலை நீட்டி உட்கார்ந்தால் ஆயிற்று" என்று பெரியவர்கள் கேட்கலாம். ஆனால் காலை நீட்டி இரண்டு மணி நேரம் உட்கார்ந்த பிறகும் களைப்புத் தீரவில்லை என்பதுதான் இன்று பல வீடுகளில் உள்ள சிக்கல்.

செங்காங்கில் ஒரு நாலறை வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். இரவு மணி 10.30. அப்பா மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்பவர். காலையிலிருந்து நிரலில் ஒரே ஒரு பிழையைத் தேடித் தேடிக் கண் சிவந்து, இப்போதுதான் மடிக்கணினியை மூடினார். மகள் உயர்நிலை நான்கில் படிக்கிறாள். துணைப்பாட வகுப்பிலிருந்து வந்து, கணக்குப் பயிற்சியையும் முடித்துவிட்டாள். இனி இருவருக்கும் ஓய்வு நேரம். அப்பா வரவேற்பறையில் கைத்தொலைபேசியை எடுக்கிறார். மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தன்னுடையதை எடுக்கிறாள். "என்னங்க, ரெண்டு பேருக்கும் மைலோ கலந்து வச்சிருக்கேன், ஆறுது" என்று அம்மா இரண்டு முறை கூப்பிடுகிறார். "இதோ" என்று பதில் வருகிறது, ஆள் வரவில்லை.

மணி 12.30. விளக்கை அணைத்தாயிற்று. அப்பாவின் மனத்தில் அந்தப் பிழை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மகளின் மனத்தில் நாளைய வேதியியல் சோதனை ஓடுகிறது. காலை 5.45க்கு அவள் எழுந்தாக வேண்டும். இரண்டு மணி நேரம் ஓய்வெடுத்தும் இருவருமே ஓய்வு பெறவில்லை. அதைவிட வருத்தமானது, ஒரே வீட்டில் இருந்த இருவரும் அன்று ஒருவரோடு ஒருவர் பத்து வார்த்தைகூடப் பேசவில்லை.

எங்கே தவறு நடந்தது?

ஓய்வுக்கு நான்கு பக்கங்கள்

வேலை முடிந்தபின் மனிதர்கள் எப்படி மீண்டும் தெம்பு பெறுகிறார்கள் என்பதை நீண்ட காலம் ஆராய்ந்தவர் ஜெர்மானிய உளவியல் அறிஞர் சபீனா சொன்னென்டாக். அவரும் சார்லட் ஃபிரிட்ஸ் என்பவரும் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, ஓய்வு அனுபவத்தை நான்காகப் பிரித்துக் காட்டியது. ஒன்று, வேலையிலிருந்து மனம் விலகுவது. இரண்டு, உடலும் மனமும் தளர்வது. மூன்று, வேலைக்குத் தொடர்பில்லாத ஏதோ ஒன்றைக் கற்றுத் தேர்வது. நான்கு, அந்த நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதைத் தானே முடிவு செய்வது.

செங்காங் வீட்டை இந்த நான்கையும் வைத்து அளந்து பாருங்கள். கைத்தொலைபேசியில் அலுவலகக் குழுவின் செய்தியும் வகுப்புக் குழுவின் செய்தியும் வந்துகொண்டே இருப்பதால் மனம் விலகவில்லை. கழுத்து குனிந்தபடியே இருக்கிறது, உடல் தளரவில்லை. புதிதாக எதையும் கற்கவில்லை. அடுத்து எந்தக் காணொளி என்பதைக்கூடத் திரையே முடிவு செய்கிறது. நான்கில் ஒன்றும் கிடைக்கவில்லை.

இதற்காகக் கைத்தொலைபேசியைப் பகைவனாக்க வேண்டியதில்லை. குடும்பத்தோடு சேர்ந்து ஒரு நகைச்சுவைக் காட்சியைப் பார்த்துச் சிரிப்பதும் ஓய்வுதான். நிரல் எழுதுவதையே பொழுதுபோக்காகக் கொண்டு, தனக்குப் பிடித்த சிறு விளையாட்டை உருவாக்கி மகிழ்பவர்களும் உண்டு. முடித்த பிறகு மனம் இலேசாக இருக்கிறதா, கனமாக இருக்கிறதா? அதுதான் அளவுகோல்.

மூடுவதற்கு முன் எழுதி வையுங்கள்

மனம் ஏன் விலக மறுக்கிறது? லித்துவேனியாவில் பிறந்து பெர்லினில் ஆராய்ச்சி செய்த புளூமா சைகார்னிக் என்ற பெண் அறிஞர் 1927ஆம் ஆண்டிலேயே இதைத் தொட்டார். முடித்த வேலையைவிட, பாதியில் நிறுத்தப்பட்ட வேலையே நினைவில் நன்றாகத் தங்குகிறது என்று அவர் கண்டார். பின்னாளில் செய்யப்பட்ட ஆய்வுகள் சிலவற்றில் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆனாலும் பாதியில் விட்ட வேலை மனத்தை உறுத்தும் என்பதை நிரலாளர் எவரும் மறுக்க மாட்டார். பிழை கண்டுபிடிக்கப்படாத நிரலும், விடை வராத கணக்கும் குளியலறை வரை கூடவே வரும்.

இதற்கு ஒரு மருந்து இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் உள்ள பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளையர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2018ஆம் ஆண்டில் வெளியானது. படுக்கப் போகுமுன் 5 நிமிடம் சிலர் அடுத்து வரும் நாட்களில் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். மற்றவர்கள் ஏற்கெனவே செய்து முடித்தவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு விரைவில் தூக்கம் வந்தது.

ஆகவே மடிக்கணினியை மூடுமுன் மூன்று வரிகளைத் தாளில் எழுதலாம். பிழை எந்த இடத்தில் வருகிறது, இதுவரை எதையெல்லாம் செய்து பார்த்தாயிற்று, நாளைக் காலையில் முதலில் எதைத் தொட வேண்டும்? மாணவரும் அப்படியே செய்யலாம். எந்தப் பாடம், எந்தப் பக்கம், எந்தக் கேள்வியில் நின்றது, நாளை ஆசிரியரிடம் எதைக் கேட்க வேண்டும்? தாளில் ஏறிய கவலையை மனம் இரவு முழுவதும் சுமக்க வேண்டியதில்லை.

அலுவலகச் செய்திகளுக்கும் ஓர் எல்லை வேண்டும். வேலை நேரத்திற்குப் பிந்தைய தொடர்புகள் குறித்துத் தெளிவான கொள்கை வகுக்கும்படி, 2020 நவம்பரில் வெளியான வேலையிட மனநலம் பற்றிய முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு நிறுவனங்களை ஊக்குவித்தது. அது சட்டமன்று, ஆலோசனைதான். ஆயினும், "இரவு 9 மணிக்கு மேல் அவசரமென்றால் அழையுங்கள், மற்றதைக் காலையில் பார்க்கிறேன்" என்று மேலாளரிடம் பணிவாகக் கேட்டுப் பார்க்க அது ஒரு பிடிமானம்.

கண்ணும் உடம்பும்

சிங்கப்பூர்ப் பிள்ளைகளில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினருக்குத் தொடக்கநிலை 6ஐ எட்டும்போது கிட்டப்பார்வை வந்துவிடுகிறது. இளம் வயதினரிடையே இது 80 விழுக்காட்டையும் தாண்டுகிறது. இதற்காகவே தேசிய கிட்டப்பார்வைத் தடுப்புத் திட்டம் 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பிள்ளைகள் பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாட வேண்டும் என்று கண் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதும் இதனால்தான்.

அருகில் உள்ளதையே பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் சிறு தசை இறுகியே இருக்கிறது. தொலைவில் பார்த்தால்தான் அது தளரும். திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவதும் குறைந்து, கண் உலர்ந்து எரிகிறது. 20 நிமிடத்திற்கு ஒருமுறை, 20 அடி, அதாவது சுமார் 6 மீட்டர் தொலைவில் உள்ள ஒன்றை 20 விநாடி பார்க்க வேண்டும் என்பது நினைவில் வைக்க எளிதான முறை. அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இதில் சிரமமே இல்லை. சன்னலோரம் போய் எதிர் புளோக்கைப் பார்த்தாலே போதும்.

உடம்புக்கும் ஒரு வழி உண்டு. அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் தசைகளைத் தளர்த்தும் முறையை விளக்கினார். அது பின்னாளில் எளிமையாக்கப்பட்டு இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. படுத்துக்கொண்டு கால் விரல்களை 5 விநாடி இறுக்கி, பிறகு மெல்ல விட வேண்டும். அடுத்து கெண்டைக்கால், தொடை, வயிறு, கை, தோள், முகம் என்று வரிசையாக மேலே வர வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். நாள் முழுவதும் தோளை உயர்த்தியபடி தட்டச்சு செய்தவர்களுக்குத் தோள் எவ்வளவு இறுகியிருந்தது என்பதே அப்போதுதான் தெரியவரும்.

சமய நம்பிக்கை உள்ளவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஒரு சொல்லையோ வழிபாட்டு வரியையோ அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது மூச்சும் இதயத் துடிப்பும் தணிகின்றன என்று ஹார்வர்ட் மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975ஆம் ஆண்டில் எழுதிய நூலில் விளக்கினார். பாட்டிமார்கள் மாலையில் விளக்கேற்றி உட்கார்ந்து சொல்லிவந்ததும் கிட்டத்தட்ட இதுவே.

ஒரு நிறுத்தம் முன்னால் இறங்குங்கள்

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் மாலை 7 மணிவாக்கில்தான் பொழுது சாய்கிறது. பனியும் இல்லை, கடுங்குளிரும் இல்லை. மழை பெய்யாத எந்த இரவிலும் நடக்கலாம்.

2003ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட வடக்கு - கிழக்கு ரயில் பாதையில் நகரிலிருந்து செங்காங்கிற்கோ பொங்கோலுக்கோ திரும்புபவர்கள் லிட்டில் இந்தியா நிலையத்தைக் கடந்துதான் போக வேண்டும். வாரத்தில் ஒரு நாள் அங்கே இறங்கிப் பாருங்கள். பஃப்ளோ சாலையில் பூக்கடைகளின் மல்லிகை வாசம். அடுத்து தேக்கா நிலையத்தின் சந்தடி. சிராங்கூன் சாலைக்குத் திரும்பினால் நகைக்கடை, மளிகைக்கடை, பாத்திரக்கடை. வீரமாகாளியம்மன் கோயில் கோபுரத்தைத் தாண்டி நடந்தால் ஃபேரர் பார்க் நிலையம் வந்துவிடும். அங்கே மீண்டும் ரயில் ஏறலாம். கால் மணி நேர நடைதான். அதற்குள் கண் அருகையும் தொலைவையும் மாறி மாறிப் பார்த்திருக்கும். மூக்கும் காதும் வேலை செய்திருக்கும். காலையிலிருந்து தலையில் இருந்த பிழை, தானாகவே கொஞ்சம் பின்னுக்குப் போயிருக்கும்.

கூட்டமும் சத்தமும் பிடிக்காதவர்களுக்கு மரங்கள் இருக்கின்றன. 1984ஆம் ஆண்டில் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர், பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 நோயாளிகளைப் பற்றிய பதிவுகளை ஒப்பிட்டார். சன்னல் வழியே மரங்களைப் பார்க்கும்படி படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களைவிட விரைவில் வீடு திரும்பினார்கள். வலுவான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. படுத்தபடி பார்த்ததற்கே இவ்வளவு பலன் என்றால், மரங்களுக்கு நடுவே நடப்பதைச் சொல்லவா வேண்டும்?

மூத்த தலைமுறைத் தமிழர்கள் பூமலை என்று அழைக்கும் தாவரவியல் பூங்கா 1859ஆம் ஆண்டிலிருந்து இங்கே இருக்கிறது. 2015ஆம் ஆண்டில் அது யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமானது. அதிகாலை 5 மணியிலிருந்து நள்ளிரவு வரை திறந்திருக்கும். ஆர்க்கிட் தோட்டத்தைத் தவிர மற்ற இடங்களுக்குக் கட்டணம் கிடையாது. 2011ஆம் ஆண்டில் மலாயா ரயில் சேவை நின்ற பிறகு, தண்டவாளம் ஓடிய 24 கிலோமீட்டர் நிலம் நடைபாதையாகியிருக்கிறது. அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு வீட்டருகே பூங்கா இணைப்புப் பாதை இருக்கிறது. அதுவும் இல்லாவிட்டால் புளோக்கைச் சுற்றி மூன்று சுற்று வரலாம்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லும் பாடம்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் லிட்டில் இந்தியா வட்டாரத்திற்குப் போயிருப்பவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வாரம் முழுவதும் உழைத்த தமிழ்நாட்டுத் தம்பிமார்களும் வங்காளதேசத் தொழிலாளர்களும் கூட்டம் கூட்டமாக வந்திருப்பார்கள். ஒரே ஊர்க்காரர்கள் புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பொட்டலத்தைப் பிரித்து நாலு பேர் சாப்பிடுவார்கள். ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, காணொளி அழைப்பில் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள்.

அவர்களின் வேலையும் விடுதி வாழ்க்கையும் எளிதானவை அல்ல. அந்தச் சிரமத்தை மறைத்து, அவர்கள் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். கிடைக்கும் சில மணி நேரத்தை அவர்கள் மனிதர்களுக்காகச் செலவிடுகிறார்கள். அவர்கள் கையிலும் கைத்தொலைபேசிதான் இருக்கிறது. அது அவர்களை ஒரு மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. செங்காங் வீட்டிலோ அதே கருவி, அடுத்த அறையில் இருப்பவரிடமிருந்து பிரித்துவைக்கிறது.

சேர்ந்து சாப்பிடுவதும் ஓய்வின் ஒரு பகுதிதான். சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு 2020 டிசம்பரில் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது. அங்கே விற்கும் உணவுக்காக மட்டும் அந்தப் பெருமை கிடைக்கவில்லை. பல இனத்தவரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பேசும் வழக்கத்திற்காகவும் கிடைத்தது. வாரத்தில் ஒரு வேளையாவது, கைத்தொலைபேசியைப் பையில் போட்டுவிட்டு ஒரு நண்பரோடு உட்கார்ந்து சாப்பிடலாமே.

புதிதாக ஒன்றைக் கற்பதும் இதே வகைதான். சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் 1949ஆம் ஆண்டிலிருந்து இசையும் நடனமும் கற்றுத்தருகிறது. சமூக மன்றங்களில் சமையலிலிருந்து பூப்பந்துவரை வகுப்புகள் உண்டு. மிருதங்கத்தில் கை வைத்திருக்கும்போது மனம் நிரலை நினைக்க முடியாது; நினைத்தால் தாளம் தப்பிவிடும்.

மாணவருக்குத் தூக்கமே முதல் ஓய்வு

14 முதல் 17 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. செங்காங் மகள் 12.30க்குப் படுத்து 5.45க்கு எழுந்தால் ஐந்தேகால் மணி நேரம்தான் ஆகிறது. படித்தது மனத்தில் பதிவதே தூக்கத்தில்தான் பெருமளவு நடக்கிறது. தூக்கத்தை வெட்டிப் படிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போன்றது.

நன்யாங் பெண்கள் உயர்நிலைப் பள்ளி 2016 ஜூலையில் பள்ளி தொடங்கும் நேரத்தைக் காலை 7.30லிருந்து 8.15க்கு மாற்றியது. டியூக் - என்யுஎஸ் மருத்துவக் கல்வி நிலையத்தின் ஆய்வாளர்கள் மாணவிகளைக் கவனித்தார்கள். ஒன்பது மாதங்களுக்குப் பிறகும் மாணவிகள் முன்பைவிடச் சராசரியாக 10 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள்; பகலில் தூக்கக் கலக்கம் குறைந்தது, மனநிலையும் மேம்பட்டது. பத்து நிமிடம் சிறிது என்று நினைக்க வேண்டாம். அந்தச் சிறிது கூடுதலே பலன் தந்தது என்பதுதான் செய்தி.

எல்லாப் பள்ளிகளும் நேரத்தை மாற்றும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, இரவில் காப்பி வேண்டாம். காப்பியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். 9 மணிக்குக் குடித்த காப்பியில் பாதி, அதிகாலை 2 மணிக்கும் உடம்பில் இருக்கும். இரண்டு, கைத்தொலைபேசி இரவில் வரவேற்பறையில் தூங்கட்டும். மகளுடையது மட்டுமல்ல, அப்பாவுடையதும் அங்கேதான் இருக்க வேண்டும். தான் செய்யாததைப் பிள்ளைக்குச் சொன்னால் எடுபடாது.

பள்ளிகளும் தம் பங்குக்குச் சுமையைக் குறைத்திருக்கின்றன. 2023ஆம் ஆண்டுக்குள் தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி வகுப்புகள் அனைத்திலும் அரையாண்டுத் தேர்வு நீக்கப்பட்டது. அப்படிக் கிடைத்த நேரத்தை இன்னொரு துணைப்பாட வகுப்பால் நிரப்பிவிட்டால் என்ன பயன்? பெற்றோர் யோசிக்க வேண்டும்.

ஓய்வால் தீராத களைப்பு

சில களைப்பு நடையாலும் தூக்கத்தாலும் தீராது. வாரக்கணக்கில் தூக்கம் வராமை, பிடித்ததிலும் நாட்டமின்மை, காலையில் வேலையை நினைத்தாலே வரும் படபடப்பு ஆகியவற்றைச் சோம்பல் என்று ஒதுக்கிவிடக் கூடாது. வேலையால் வரும் மனச்சோர்வை உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் தன் அனைத்துலக நோய் வகைப்பாட்டில், தொழில் சார்ந்த ஒரு நிலையாக விளக்கியது. அதை நோய் என்று அது வகைப்படுத்தவில்லை. ஆனால் அலட்சியப்படுத்தக் கூடியது என்றும் சொல்லவில்லை. மனநல உதவிக்கு 2025 ஜூன் முதல் 1771 என்ற தேசிய எண் இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் சிங்கப்பூர் அபயக்கரச் சங்கத்தின் 1767 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். தமிழ்க் குடும்பங்களில் இதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். காய்ச்சல் வந்தால் வெட்கப்படுவதில்லையே.

அந்த வீட்டிற்குத் திரும்புவோமா?

"எல்லாம் சரி, நேரம் எங்கே இருக்கிறது?" என்று நேயர்கள் கேட்பது புரிகிறது. புதிதாக நேரம் எதுவும் வேண்டாம். 10.30லிருந்து 12.30வரை அந்த வீட்டிலேயே இரண்டு மணி நேரம் இருக்கிறது. அதில் நாற்பது நிமிடம் போதும்.

அப்பா மூன்று வரி எழுதிவிட்டு மடிக்கணினியை மூடுகிறார். மகளின் அறைக் கதவைத் தட்டி, "கீழே போய் ஒரு நடை நடந்துட்டு வரலாமாம்மா?" என்று கேட்கிறார். "இப்பவாப்பா?" என்று அவள் முகம் சுளிக்கலாம். முதல் நாள் வராமலும் போகலாம். மறுநாளும் கேட்க வேண்டும். என்றாவது ஒருநாள் மின்தூக்கியில் இருவரும் இறங்குவார்கள். புளோக்கைச் சுற்றி நடக்கும்போது முதல் சுற்றில் ஒன்றும் பேச மாட்டார்கள். இரண்டாம் சுற்றில் அவள் வேதியியல் ஆசிரியரைப் பற்றி ஏதாவது சொல்வாள். அப்பா தன் நிரலில் மாட்டாத பிழையைப் பற்றிச் சொல்வார். "நாள் முழுக்கத் தேடியும் கிடைக்கலையா?" என்று அவள் சிரிப்பாள். தேர்வில் தனக்கு மட்டும்தான் விடை வருவதில்லை என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, அப்பாவுக்கும் வருவதில்லை என்று தெரிவதே பெரிய ஆறுதல்.

மேலே வந்ததும் மைலோவைச் சூடாகக் குடித்துவிட்டு, கைத்தொலைபேசிகளை வரவேற்பறையில் வைத்துவிட்டுப் படுத்தால் மணி 11.30 ஆகியிருக்கும். மகளுக்கு அன்று ஒரு மணி நேரத் தூக்கம் கூடுதல். அது போதாதுதான். ஆனால் அங்கிருந்து தொடங்கலாம். இன்று இரவே தொடங்கிப் பாருங்கள்.